சிவப்பு வயர்

நூற்றெண்பது டாலர் என்றதும்
போவாஸ் சிரித்தான்.
"கண்ணுக்கு ஒரு கணப்பா?"
அவன் சகோதரர்கள் மூவரும் சிரித்தார்கள்.
கடைக்காரி கெட்டூரா கூட
பில் போடும் விரலை நிறுத்திச் சிரித்தாள்.
அட்டைப்பெட்டியை அங்கிக்குள் செருகிக்கொண்டு
வெளியே வந்தேன்.

இரட்டைக் கண்ணாடி.
இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு.
மின்சாரம் ஓடுவதும் தெரியாது,
புருவத்தில் மட்டும்
காய்ச்சல்காரக் குழந்தையின் உள்ளங்கைபோல
ஓர் இளஞ்சூடு.
தலைக்கவசத்தின் பின்னாலிருந்து சிவப்பு வயர் ஒன்று
தோள்வழி இறங்கி
ஸ்கிடூவின் கைப்பிடி அருகே செருகிக்கொள்ளும்.
அதன் பிறகு எனக்கும் வண்டிக்கும்
ஒரே பாட்டரி.

மைனஸ் முப்பத்துநான்கு.
மக்கோவிக்கைத் தாண்டினால் விரிகுடா முழுக்க வெள்ளை.
இந்தக் குளிரில் எதிரி காற்றல்ல,
உன் மூச்சு.
வாயை விட்டு வெளியேறி
போக்கிடம் இல்லாமல் திரும்பி வந்து
கண்ணெதிரே உட்காரும்.
முதலில் ஆவி. அப்புறம் பால். அப்புறம் கல்.
போவாஸின் வைத்தியம் பழையது:
மூக்கால் கீழ்நோக்கி விடு,
கையுறைக் கட்டைவிரலால் துடை,
கீறினால் கீறட்டும்,
கீறல்களுக்கு நடுவே பார்.
இருபது வருஷமாய் என்னையும்
அப்படித்தான் பார்க்கிறாய் என்று
காலைச் சண்டையில் சொன்னேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.

சண்டை விறகைப் பற்றி.
விறகைப் பற்றி அல்ல,
லேவியை கூஸ் பேக்குப் படிக்க அனுப்பியதைப் பற்றி.
அதுவும் அல்ல.

இரண்டு வண்டிகள்.
நான் முன்னால்,
காலி கோமாட்டிக் பின்னே தடதடக்க.
அவன் என் பின்விளக்கைப் பிடித்து வந்தான்.
வேறெதுவும் அவனுக்குத் தெரியவில்லை என்பது
எனக்குப் பிறகுதான் தெரிந்தது.
எனக்கோ எல்லாம் தெரிந்தது,
அநியாயத்துக்குத் தெரிந்தது:
காற்று செதுக்கிய பனி விளிம்புகள்,
ஒரு நரித்தடம்,
பனிக்கௌதாரி எழும்பிய இடத்தில்
இறகு விசிறிய கோடுகள்.
அழ ஆரம்பித்தேன்.
நாலு மைல் அழுதேன்.
கண்ணாடியில் இம்மி ஆவி படியவில்லை.
விற்றவன் பொய் சொல்லவில்லை.

நீர் குறுகி ஓடும் முனை.
அடிநீரோட்டம் பனித்தளத்தைக் கீழிருந்து
நக்கிக்கொண்டே இருக்கும் இடம்.
வெள்ளைக்குள் ஒரு சாம்பல்,
ஈரத் துணி விரித்ததுபோல.
போன ஞாயிறு அது அங்கே இல்லை.
வலப்புறம் ஒடித்தேன், நிறுத்தினேன், குதித்தேன்,
வயரை மறந்தேன்.
அது என்னைப் பின்னந்தலையில் பற்றி இழுத்து
கண்ணாடியை முகத்திலிருந்து பிய்த்தது.
ஈர இமைகள் அப்போதே ஒட்டிக்கொண்டன.
பாதிக் கண்ணோடு,
இரண்டு கையையும் வீசிக்கொண்டு,
இஞ்சின் சத்தத்தை நோக்கி ஓடினேன்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேனா, நினைவில்லை.

ஸ்கியின் நுனி என் முழங்காலைத் தொட்டு நின்றது.
கட்டைவிரல் துடைத்த ஓட்டை வழியே
ஏதோ அசைந்ததாம்.
கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினான்.
உள்பக்கம் கரண்டியால் சுரண்டலாம்,
அத்தனை பனி.
சாம்பலைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
சாவியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி,
எதற்குக் கழற்றினோம் என்று தெரியாதவனாய்
கொஞ்ச நேரம் நின்றான்.

கேபினில் அடுப்பு பிடித்து
தேநீர் கொதித்த பிறகு
என் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டான்.
வளைந்த வயர் முனையைப்
பல்லால் கடித்து நேராக்கினான்.
விளக்கருகே தூக்கிப் பிடித்தான்.
கீழ் விளிம்போரம் ஒரு வெள்ளைக் கோடு,
கடல் வற்றிய பாறையில் இருக்குமே, அதுபோல.
"இது என்ன, டபேயா?"
"மூச்சு" என்றேன்.
கட்டைவிரலால் தேய்த்து
நாக்கில் வைத்துப் பார்த்தான்.
"மூச்சு" என்றான் அவனும்.
விறகு ஒன்றை அடுப்பில் தள்ளினான்.
முதுகைக் காட்டியபடியே கேட்டான்:
"எவ்வளவு என்று சொன்னாய்?"